யாருடைய முறை?

ஒரு குறுகிய வாசலில் இரண்டு பேர் எதிரெதிரே வந்துவிடுகிறார்கள். இருவரும் அவசரக்காரர்களானால் தோளோடு தோள் முட்டிக்கொள்கிறார்கள். இருவரும் பண்புள்ளவர்களானால், ‘நீங்கள் வாருங்கள்’ என்று இருவருமே ஒதுங்கி நிற்கிறார்கள். பிறகு, ‘சரி, நம்மைத்தான் போகச் சொல்கிறார்’ என்று இருவரும் ஒரே சமயத்தில் அடியெடுத்து வைத்து, அப்போதும் முட்டிக்கொள்கிறார்கள். ஆக, முரடர்களுக்கும் முட்டல். மரியாதை தெரிந்தவர்களுக்கும் முட்டல். நல்ல குணம் ஒன்று மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சிறிய உதாரணம் கிடைக்காது.

வாசலில் மூன்றாவது ஆள் ஒருவர் நின்று கையைக் காட்டினால் விவகாரம் தீர்ந்துவிடும். ஆனால் அந்த மூன்றாவது ஆள் இல்லாத வாசல்கள்தாம் உலகத்தில் அதிகம். தலைவன் என்று ஒருவன் இல்லை; எல்லோரும் சமம்; வழியோ ஒன்றுதான். அப்படிப்பட்ட இடத்தில் ஒவ்வொருவனும் எப்படி நடந்துகொள்வது நியாயம்? இது ஒழுக்க நூல்காரர்கள் விவாதிக்க வேண்டிய கேள்வி. கணிப்பொறிக்காரர்களும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இதே கேள்வியோடு மல்லுக்கு நிற்கிறார்கள் என்பதை என் தங்கை மகன் சொல்லிக் கேட்டேன். அவன் அந்தத் துறையில் ஆராய்ச்சி செய்கிறவன். அவன் அதைச் சொன்ன இடம் வைகை அணை.

ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த அணையை 1959 ஜனவரி 21-ஆம் தேதி காமராஜர் திறந்து வைத்தார். 71 அடி வரை நீரைத் தேக்கலாம். வருஷநாட்டு மலையிலிருந்து வருகிற வைகையின் சொந்தத் தண்ணீரும், 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கிவரும் தண்ணீரும் இங்கே ஒன்றாகின்றன. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது; 69 அடியில் மூன்றாவது. அபாயச் சங்கு ஊதுகிறது. தேனி முதல் ராமநாதபுரம் வரை ஐந்து மாவட்டத்துக் கரையோர மக்களுக்கும் செய்தி போகிறது. அங்கே ஒருவர் சொல்கிறார். மற்ற எல்லோரும் கேட்கிறார்கள். அதில் குழப்பத்துக்கு இடமில்லை.

குழப்பமெல்லாம் தண்ணீரைப் பங்கிடும்போதுதான். 45,041 ஏக்கர் இருபோக நிலத்துக்கு நீர் திறக்கும் உத்தரவைப் பத்திரிகைகளில் நீங்கள் பார்த்திருக்கக்கூடும். 120 நாட்களில் 45 நாட்கள் முழுமையாகவும், 75 நாட்கள் முறை வைத்தும் என்று அதில் வரும். வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடுகிற நாற்பத்தைந்து நாளும் மனிதர்கள் எல்லோரும் அண்ணன் தம்பிகள். முறை வைக்கத் தொடங்குகிற நாளில்தான், யார் அண்ணன், யார் தம்பி என்ற கணக்கு வருகிறது.

இதை நான் சொன்னதும் அவன் சிரித்தான்.

“நாங்க படிக்கிறதும் இந்த வாய்க்காலைப் பத்தித்தான் மாமா. காத்துல ஒரே ஒரு அலைவரிசை. அதுல நூறு கருவி பேசணும். ஒரு நேரத்துல ஒண்ணு பேசினா கேக்கும். ரெண்டு சேர்ந்து பேசினா ரெண்டும் பாழ். மடையைத் திறந்து அடைக்க நீர்பாய்ச்சி ஒருத்தர் கிடையாது. எப்படி முறை வைப்பீங்க?”

“கூடிப் பேசி முடிவு பண்ணிக்கிற வேண்டியதுதானே மாப்ளே?” என்றேன்.

“கூடிப் பேசுறதுக்கும் அதே அலைவரிசைதானே மாமா இருக்கு?” என்றான்.

இந்தப் பதிலில் எவ்வளவு பெரிய சங்கடம் அடங்கியிருக்கிறது என்பது யோசிக்க யோசிக்கத்தான் புரிகிறது. ஒழுங்கை ஏற்படுத்தப் பேச வேண்டும். பேசுவதற்கே ஒழுங்கு வேண்டும். பஞ்சாயத்துக் கூடுவதற்கு ஒரு பஞ்சாயத்து!

இந்தச் சங்கடத்தை நேருக்கு நேர் சந்தித்தவர்களில் முதல்வர்கள் ஹவாய்ப் பல்கலைக் கழகத்தார். 1971-இல் நார்மன் ஆப்ரம்சன் என்பவரும் அவருடைய தோழர்களும், கடல் பிரித்துவைத்த தீவுகளில் இருந்த முனையங்களை வானொலி அலையால் ஒரு நடுக் கணிப்பொறியோடு இணைத்தார்கள். ‘அலோஹா’ என்று அதற்குப் பெயர். அவர்கள் வைத்த விதி ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும். சொல்ல வேண்டியது இருந்தால் சொல்லிவிடு. வந்து சேர்ந்தது என்ற பதில் கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால், வேறொருவன் பேச்சோடு மோதிவிட்டது என்று வைத்துக்கொண்டு, குத்துமதிப்பாகக் கொஞ்ச நேரம் காத்திருந்து மறுபடி சொல்.

இந்த எளிய ஏற்பாட்டுக்குள் ஒரு கடுமையான கணக்கு இருந்தது. எவ்வளவு நன்றாக நடந்தாலும் அலைவரிசையின் திறனில் 18 சதவீதத்துக்கு மேல் பயன்படாது. அவரவர் நினைத்த கணத்தில் தொடங்காமல், குறித்த கணங்களில் மட்டுமே தொடங்குவது என்று கட்டுப்பட்டால் அது 37 சதவீதத்தை நெருங்கும். இரண்டிலும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு மேல் ஆளுக்கு ஆள் அதிகமாகப் பேச ஆரம்பித்தால், போய்ச் சேருகிற பேச்சு கூடுவதில்லை, குறைகிறது. எல்லோரும் ஓயாமல் பேசினால் யார் பேச்சும் யாருக்கும் எட்டாது. பொது வழியில் ஒருவனுடைய பேராசை அடுத்தவன் பங்கை அவனுக்குக் கொண்டுவந்து கொடுப்பதில்லை. இரண்டு பங்கையும் காற்றில் கரைத்துவிடுகிறது.

சரி, ஏன் குத்துமதிப்பாகக் காத்திருக்க வேண்டும்? அறிவுள்ள யந்திரங்கள்தாமே, கணக்கிட்டுக் காத்திருக்கக் கூடாதா? கூடாது என்பதற்குக் காரணம் அந்த வாசல்படியிலேயே இருக்கிறது. இருவரும் எல்லா விதத்திலும் ஒன்றாக இருந்து, இருவரும் ஒரே விதியைப் பிசகாமல் பின்பற்றினால், இருவரும் ஒரே கணத்தில்தான் ஒதுங்குவார்கள். ஒரே கணத்தில்தான் மறுபடி அடியெடுத்து வைப்பார்கள். பெயரில்லாத, ஒன்றுபோலவே இருக்கிற முனைகள் வளையமாக நின்றுகொண்டு, நிச்சயமான விதி ஒன்றை மட்டும் வைத்துத் தங்களுக்குள் ஒரு தலைவனைத் தேர்ந்தெடுக்க முடியாது என்று டேனா ஆங்லுயின் என்ற பெண்மணி 1980-இல் நிரூபித்தார். முழுச் சமத்துவமும் முழு நிச்சயமும் அங்கே சேர்ந்து வாழ முடியவில்லை. இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்தாக வேண்டும்.

சமத்துவத்தை விட்டுக்கொடுப்பது சுலபம். ஆளுக்கொரு எண் கொடுத்துவிட்டு, சிறிய எண்காரனே முதலில் என்று சொல்லிவிட்டால் மோதலே கிடையாது. நம் ஊர்களில் வெகுகாலமாக நடந்துவந்தது இதுதானே? கோயிலில் முதல் மரியாதை யாருக்கு, பரிவட்டம் யாருக்கு என்பதெல்லாம் பிறக்கும்போதே ஒட்டப்பட்ட எண்கள். அந்த ஏற்பாட்டில் ஒழுங்கு இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. கடைசி எண்காரனுடைய வாயை நிரந்தரமாக அடைத்து வாங்கிய ஒழுங்கு அது.

நிச்சயத்தை விட்டுக்கொடுப்பது இன்னொரு வழி. அவனவன் தனக்குள் ஒரு காசைச் சுண்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். பூ விழுந்தால் பேசு. தலை விழுந்தால் பொறு. சமமானவர்களுக்குள் வேற்றுமையை உண்டாக்குவது பிறப்போ பணமோ அல்ல, அந்தக் கணத்துக் காசு. அடுத்த கணத்தில் அது மாறிவிடும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், சபையின் வாரியங்களுக்கு ஆள் எடுக்க எழுதிவைத்த விதிகள் அவை. பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, எல்லோரும் பார்க்கும்படி குடத்தை உயர்த்திக் காட்டி, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொன்னார்கள். ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஏந்த வேண்டும் என்றுகூட எழுதினார்கள். மனித புத்தியின் மீது நம்பிக்கை இல்லாததனால் வந்த ஏற்பாடு அல்ல அது. புத்தி எந்த இடத்தில் தன் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று புத்தியே கண்டுபிடித்த ஏற்பாடு.

ஆனால் ஒன்றையும் மறக்கக் கூடாது. நிலம், வயது, வேதக் கல்வி என்று தகுதிகளை அடுக்கி, அவற்றைக் கடந்து வந்தவர்களின் ஓலைதான் அந்தக் குடத்துக்குள் போயிற்று. உழுதவனுக்கும் பெண்ணுக்கும் அதில் ஓலை இல்லை. குடம் நியாயமாக நடந்துகொண்டது; குடத்தின் வாய் அப்படி நடந்துகொள்ளவில்லை. சீட்டுக் குலுக்குவது தர்மமா என்று கேட்கிறவர்கள், யாருடைய சீட்டெல்லாம் உள்ளே கிடக்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்பது நல்லது.

அலோஹாவிலிருந்து பாடம் படித்துக்கொண்டு, 1973-இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் ராபர்ட் மெட்காப் என்பவர் ஈதர்நெட் என்ற வலையை உருவாக்கப் புறப்பட்டார். டேவிட் பாக்ஸ் அவருக்குத் துணை. ஒரே கம்பியில் பல கணிப்பொறிகள். பேசுவதற்கு முன்னால் காது கொடுத்துக் கேள். கம்பி சும்மா இருந்தால் பேசு. மோதிவிட்டால் இருவரும் உடனே நிறுத்துங்கள். பின்னர் நிலைபெற்ற விதியின்படி, முதல் மோதலுக்குப் பின் இரண்டு கட்டங்களில் ஒன்றைக் குலுக்கி எடுத்து அவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும். மறுபடி மோதினால் நான்கில் ஒன்று. அப்புறம் எட்டில் ஒன்று. இப்படியே இரட்டித்து, பத்தாவது மோதலில் 1024-இல் ஒன்று. பதினாறு முறையும் தோற்றால் கைவிட வேண்டியதுதான்.

இந்த விதியில் என்னைக் கவர்ந்த விஷயம் ஒன்று உண்டு. மோதல் நேர்ந்தால் குற்றம் யாருடையது என்ற விசாரணை அங்கே இல்லை. இருவரும் விலகுகிறார்கள். நெருக்கடி அதிகம் என்று தெரியத் தெரிய இருவரும் அதிகமாகப் பொறுக்கிறார்கள். நம்முடைய வரப்புத் தகராறுகளில் பாதி, ‘முதலில் கை வைத்தவன் யார்’ என்ற கேள்வியிலேயே மூன்று தலைமுறை ஓடிவிடுகிறது. அந்தக் கேள்வியை ஒத்திவைத்துவிட்டு இருவரும் ஓரடி பின்வாங்கினால் நிலம் எங்கேயும் ஓடிப் போகாது.

இவ்வளவு புகழ்ந்த பிறகு என் மருமகன் ஒரு குண்டைப் போட்டான். இரண்டு பேர் மோதுகிறார்கள். குலுக்கலில் ஒருவன் முந்திவிடுகிறான். வென்றவனுடைய தோல்விக் கணக்கு அழிந்து, அவன் புது ஆளாகிவிடுகிறான். அவனிடம் சொல்ல வேண்டியது இன்னும் இருக்கிறது. மறுபடி இருவரும் மோதுகிறார்கள். இப்போது வென்றவன் இரண்டில் ஒன்றைக் குலுக்குகிறான். தோற்றவன் நான்கில் ஒன்றைக் குலுக்குகிறான். யார் முந்துவான்? பெரும்பாலும் முன்பு வென்றவனே. அடுத்த மோதலில் இவனுக்கு இரண்டு, அவனுக்கு எட்டு. விதி இருவருக்கும் ஒன்றுதான். எழுத்தளவில் பாரபட்சம் துளியும் இல்லை. ஆனாலும் பொறுத்தவன் மேலும் மேலும் பொறுக்க வேண்டியதாகிறது. பெற்றவன் மேலும் மேலும் பெறுகிறான்.

நான் அணையின் நீரைப் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் பேசாமல் இருந்தேன். பொறுமையைப் போதிக்கிற நீதி நூல்கள் எல்லாவற்றிலும் உள்ள ஓட்டை இதுதான் என்று எனக்குத் தோன்றியது. ‘பொறுத்தார் பூமி ஆள்வார்’ என்கிறோம். பொறுமையை எல்லோருக்கும் பொதுவாக்காமல், தோற்றவனுக்கு மட்டும் உபதேசித்தால் பூமியை ஆள்வது பொறுக்காதவன்தான்.

இதற்கு மாற்று உண்டா என்று கேட்டேன். உண்டாம். 1994-இல் நால்வர் சேர்ந்து கம்பியில்லா வலை ஒன்றுக்கு எழுதிய விதி அது. அவர்களில் ஒருவர் வடுவூர் பார்கவன். அவர்கள் செய்தது இது: ஒவ்வொருவனும் பேசும்போது, தான் எவ்வளவு காத்திருக்க வேண்டியிருக்கிறது என்பதையும் செய்தியோடு சேர்த்துச் சொல்கிறான். கேட்கிற அண்டையர் எல்லோரும் அதையே தங்கள் காத்திருப்பாகக் குறித்துக்கொள்கிறார்கள். வென்றவன் புது ஆளாகிவிடுவதில்லை. தோற்றவன் தனியாகச் சுமப்பதும் இல்லை. நெருக்கடி ஊருக்குப் பொது, அதன் பாரமும் பொது. இயந்திரங்களுக்காக எழுதிய இந்த ஒரு வரியை மனிதர்களுக்கு எழுதியிருந்தால் எவ்வளவோ வாய்க்கால்களில் இரத்தம் கலந்திருக்காது.

இதுவரை எல்லோரும் எல்லோரையும் கேட்க முடியும் என்று வைத்துக்கொண்டு பேசினோம். உலகம் அப்படி இல்லை. ஊர்களைப் புள்ளிகளாகப் போட்டு, ஒருவர் குரல் மற்றவருக்கு எட்டுமானால் நடுவே ஒரு கோடு போடுங்கள். அதுதான் அவர்கள் ஆராய்கிற வலைப்படம். கோட்டால் இணைந்த அண்டையர் ஒரே நேரத்தில் பேசக் கூடாது. எட்டாத தூரத்தில் இருக்கிறவர்கள் ஒரே நேரத்தில் பேசினால் குற்றமில்லை. முழுப் படத்தையும் பார்த்தவன் ஒருவனும் இல்லை. அவனவனுக்குத் தன் அண்டை அயல் மட்டுந்தான் தெரியும். அப்படியிருந்தும், அண்டையோடு மட்டும் சரியாக நடந்துகொள்வதன் மூலமே ஊர் முழுவதும் ஒழுங்கு வந்துவிடுகிற வழிகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இயற்கை இதை முன்பே கண்டுபிடித்திருக்கிறது என்பது அதைவிட வியப்பு. பழ ஈயின் உடலில் நுண்மயிர்கள் முளைக்கும்போது, ஒன்றுபோல் இருக்கிற உயிரணுக்களில் சில ‘நான்’ என்று அறிவிக்கின்றன. அதைக் கேட்ட அண்டை அணுக்கள் ஒதுங்கிக்கொள்கின்றன. எத்தனை அண்டையர் என்ற எண்ணிக்கைகூடத் தேவையில்லாத இந்த முறையைக் கணிப்பொறி வலைகளுக்கும் கொண்டுவரலாம் என்று 2011-இல் விஞ்ஞானிகள் எழுதினார்கள்.

ஆனால் கோடுகள் உள்ள உலகத்தில் ஒரு புதிய ஆபத்தும் இருக்கிறது. கம்பத்தில் ஒருவர், வருஷநாட்டில் ஒருவர், நடுவில் அணையில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழைக்கால இரவு. இரண்டு பக்கத்திலிருந்தும் அணைக்கு வெள்ளச் செய்தி வர வேண்டும். அலைவரிசை ஒன்றுதான். அணையில் இருப்பவருக்கு இருவர் குரலும் கேட்கும். ஆனால் நடுவே மலை. கம்பத்துக்காரர் பேசுவது வருஷநாட்டுக்காரருக்குக் கேட்காது. அவர் விதிப்படி காது கொடுத்துக் கேட்கிறார். அமைதியாக இருக்கிறது. மனச்சாட்சிக்கு விரோதமில்லாமல் பேசத் தொடங்குகிறார். அணையில் இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வெறும் இரைச்சலாகிறது. யார் மேல் குற்றம் சொல்வது? இருவரும் யோக்கியர்கள். இருவரும் விதி தவறவில்லை. செய்தி மட்டும் செத்துப் போயிற்று.

டோபாகி, கிளைன்ராக் என்ற இருவர் 1975-லேயே இதை விளக்கி எழுதினார்கள். ஒளிந்திருக்கும் முனை என்று இதற்குப் பெயர். எனக்கோ இது கணிப்பொறிச் சங்கதியாகவே படவில்லை. ‘நான் யாருக்கும் தொந்தரவு செய்யவில்லையே’ என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்கிற எத்தனை நல்ல மனிதர்கள் என் கண்முன் வந்தார்கள்! அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் காதுக்கு எந்த முனகலும் எட்டவில்லை. நடுவில் ஒரு மலை நிற்கிறது. என் காதுக்குக் கேட்கிற அமைதி, ஊருக்கெல்லாம் அமைதி ஆகிவிடாது.

இந்த நோய்க்கு மருந்து 1990-இல் பில் கார்ன் என்பவர் எழுதிய ஏற்பாட்டில் தெளிவாக வந்தது. பேச விரும்புகிறவன் தன் காதை மட்டும் நம்பக் கூடாது. கேட்கப் போகிறவனிடம், ‘பேசலாமா?’ என்று சிறிதாகக் கேட்க வேண்டும். அவன் ‘பேசு’ என்று சொல்வது, அவனைச் சுற்றியுள்ள எல்லோருக்கும் கேட்கும். மலைக்கு அந்தப் பக்கத்துக்காரனும் அதைக் கேட்டு வாயை மூடிக்கொள்வான். உரிமையை நிர்ணயிக்கிற இடம் பேசுகிறவனுடைய வாயிலிருந்து கேட்கிறவனுடைய காதுக்கு மாறிவிடுகிறது.

இவ்வளவு விதிகளுக்கும் காவலாளி யார் என்று நீங்கள் கேட்கலாம். ஒருவரும் இல்லை. இன்று கம்பி வலைகளில் ஒவ்வொரு கருவிக்கும் தனி வழி கொடுத்துவிடுகிறார்கள். காற்றுக்குத் தனி வழி போட முடியாது; அதனால் வீட்டிலுள்ள வைஃபை இன்றும் கேட்டு, குலுக்கி, காத்திருந்துதான் பேசுகிறது. அதில் ஒரு கருவி தன் காத்திருப்பை மட்டும் திருட்டுத்தனமாகக் குறைத்துக்கொண்டால் அதற்கு லாபம்தான். மற்றவர்கள் யோக்கியமாக இருக்கும் வரைக்கும் லாபம். எல்லோரும் அதையே செய்தால் மறுபடி இரைச்சல். முறைத் தண்ணீர் ஓடுகிற ராத்திரியில் வாய்க்காலுக்குள் மோட்டார்க் குழாயை இறக்குகிறவனுடைய லாபமும் இந்த ஜாதியைச் சேர்ந்ததுதான். அவன் திருடுவது தண்ணீரை மட்டுமல்ல. மற்றவர்களுடைய யோக்கியதையைத்தான் அவன் முதலாகப் போட்டு வியாபாரம் செய்கிறான்.

ஆகவே, சமமானவர்கள் ஒரே வழியைப் பகிர்ந்துகொள்ளும் இடத்தில் நியாயம் என்பதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். என் முறையைப் பிறப்பும் பலமும் தீர்மானிக்கக் கூடாது. குலுக்கல் தீர்மானிக்கட்டும், எல்லோருடைய சீட்டும் உள்ளே இருக்கட்டும். காத்திருப்பின் சுமை தோற்றவன் தலையில் மட்டும் ஏறக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நான் செய்வது சரியா என்று என் காதைக் கேட்பதோடு நிறுத்தாமல், அது போய்ச் சேருகிற கோடியில் இருப்பவனைக் கேட்க வேண்டும்.

வைகையின் பழைய பாசனத்தில் இந்தக் கடைசி வாக்கியம் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. பூர்வீக ஆயக்கட்டுக்கு உரிய நீரைப் பன்னிரண்டு பங்காக வைத்து, மதுரைக்கு 2, சிவகங்கைக்கு 3, ராமநாதபுரத்துக்கு 7 என்று பிரிக்கிறார்கள். திறக்கும்போது வழக்கமாக ராமநாதபுரத்துக்கு உரிய மூன்றாம் பகுதியில் தொடங்கி, பிறகு சிவகங்கை, அதன் பின் மதுரை என்று மேலே வருகிறார்கள். அணைக்குப் பக்கத்தில் இருப்பவனுடைய கண்ணெதிரிலேயே தண்ணீர் அவனைத் தாண்டி, அவன் ஒருநாளும் பார்த்திராத ஒரு கண்மாயைத் தேடிப் போகிறது. அவன் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அப்படி அவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற ஒவ்வொரு நாளும், கடைமடையில் ஒருவன் வரப்பை வெட்டிவைத்துவிட்டு வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது.